தண்ணிக்கல்லின் நிழல்

எங்கள் ஊசிக்கல்புதூர் அருங்காட்சியகத்திலிருந்து தண்ணிக்கல் களவுபோன காலையில், பெட்டி பூட்டினது பூட்டினபடி இருக்க, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாதிருக்க, பக்கத்துப் பெட்டியில் பாடம்பண்ணி வைத்த மரநாய் எப்போதும்போலப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, கல் மட்டும் காணாமல் போயிருந்தது. ஆனால் அதன் நிழல் போகவில்லை. அது வெள்ளைத் துணியின் மேல், ஆறு பட்டையும் தெரிய, ஓரத்தில் கொஞ்சம் நீலம் கசிய, போட்டது போட்டபடி கிடந்தது. எடுத்துக்கொண்டு போனவனுக்கு என்ன அவசரமோ, பாதியை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். அவன் யார் என்பது அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

கல்லைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒரு பஞ்சத்தில் மேட்டாங்காட்டில் கிணறு வெட்டிய ஒரு குடியானவர், தோண்டத் தோண்ட ஈரம் காணாமல், கடைசியில் கடப்பாறைக்குத் தட்டுப்பட்ட பாறைவெடிப்புக்குள் கையை விட்டு இதை இழுத்தெடுத்தார். முழங்கை நீளம், ஆறு பட்டை, உள்ளே பார்த்தால் ஆழக்கிணற்றுத் தண்ணீரின் நிறம். தண்ணீருக்குத் தோண்டினவனுக்குத் தண்ணீர் நிறத்தில் ஒரு கல்லைக் கொடுத்து அனுப்புகிறதா இந்தப் பூமி என்று வெறுத்துப்போய், கல்லைச் சர்க்கார் வசம் ஒப்படைத்துவிட்டு, காட்டை விற்றுவிட்டு, அவர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார். அட்டையில் அதற்கு ஏதோ அறிவியல் பெயர் எழுதி வைத்தார்கள். நாங்கள் தண்ணிக்கல் என்றே சொன்னோம். எங்கள் ஊரில் வற்றாமல் இருந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே கையை நீட்டினார். நிழல் துணியை விட்டுவிட்டு அவர் புறங்கையின் மேல் ஏறி விழுந்தது. அவர் கையை இழுத்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"சார், இந்த நெழலு கேசுல வருமுங்களா?" என்று கேட்டார் கூட வந்த ஏட்டு.

"களவு போனதைத்தான்யா எழுதணும். இது எங்க களவு போச்சு? இங்கதான இருக்குது," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு காவலாளி அங்கமுத்துவின் பக்கம் திரும்பினார். "பூட்டு உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு காப்பாட்சியர் மேடம்கிட்ட. அவங்க கோயமுத்தூர்ல மீட்டிங்ல இருந்திருக்காங்க. இன்னொண்ணு உன்கிட்ட. நீ எங்கய்யா இருந்தே?"

"இங்கயேதானுங்க இருந்தேன்," என்றார் அங்கமுத்து.

"அப்பறம் என்ன," என்றார் இன்ஸ்பெக்டர். விசாரணை அவ்வளவுதான். இடத்தை விட்டு நகராமல் காவல் காத்தவனைவிட வசதியான திருடன் ஒரு போலீஸ்காரருக்கு எங்கே கிடைப்பான்? அங்கமுத்துவை அன்றைக்கே ரிமாண்டில் வைத்துவிட்டார்கள்.

நிழலை நாங்கள் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊருக்கு இருக்கிற ஒரே திறமை எதையும் பழகிக்கொள்வதுதான். முதலில் அது கறை என்றார்கள். சோப்பு ஏஜெண்டு ஒருவர் தன் சோப்பைப் போட்டுக் கசக்கிக் காட்டுகிறேன் என்று துணியை வாங்கிப்போனார், வேறு துணியை விரித்ததும் நிழல் அதன்மேல் விழுந்தது, அவர் போன சுவடு தெரியாமல் போய்விட்டார். பிறகு செருப்போடு உள்ளே போகலாமா கூடாதா என்று பெரிய பேச்சு நடந்து, கழற்றிவிட்டுப் போவதில் ஒன்றும் நஷ்டமில்லை என்று முடிவானது. பிறகு பூ வந்தது. துபாயில் இருக்கிற மகன் போன் பண்ணவில்லை என்றால் தாய்மார்கள் வந்து நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமலே நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். பைக் திருட்டுக் கொடுத்த ஒருவர், தான் நிறுத்திய இடத்தில் நிழல் கிடக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, அது இல்லாத கோபத்தில் அருங்காட்சியகத்துக்கு வந்து, "உங்க கல்லுக்கு மட்டும் எப்படிங்க? நாங்கெல்லாம் வரி கட்டலியா?" என்று சண்டை போட்டார். கவுன்சிலர் தன் படத்தைப் பெரிதாகவும் நிழலின் படத்தைச் சின்னதாகவும் போட்டு, எங்கள் ஊரின் நிழலே என்று பிளக்ஸ் வைத்தார்.

அங்கமுத்துவின் மனைவி பாவாத்தாளைத் தெருவில் கண்டால் மட்டும் நாங்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவோம். நிழலுக்குச் செருப்பைக் கழற்றுகிற ஊர்தான், ஒரு பெண்பிள்ளை முகத்தைப் பார்த்து "சாப்பிட்டியா ஆத்தா" என்று கேட்கவில்லை.

பாவாத்தாள் பெட்டிக்கு முன்னால் வந்து உட்காருவாள். கல் கிடைத்து, அதை விற்றவன் யார் என்று தெரிந்துவிட்டால் தன் புருஷன் வெளியே வந்துவிடுவான்; அது ஒன்றுதான் அவள் கணக்கு. அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் திலகவதி, விழுப்புரத்துப் பக்கம், மண்ணியல் படித்தவர். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை, தன் நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். அங்கமுத்து ஒரு தும்பைக்கூட எடுக்காத மனிதர் என்று போலீசில் எழுதிக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இப்படி உட்கார்ந்து பார்த்ததில்தான் தெரிந்தது, நிழல் சும்மா கிடக்கவில்லை என்று. வெயிலே நுழையாத அந்த அறையில் அது காலையில் நீண்டு, ஏறஏறக் குறைந்து, மறுபடியும் நீண்டது. சில நாள் அடியோடு மறைந்துபோகும். சில நாள் பஸ் ஜன்னலில் வைத்த பொருளின் நிழல்போல ஆடிக்கொண்டே இருக்கும்.

"இது நம்ம ஊரு வெயிலோட நிழல் இல்ல பாவாத்தா," என்றார் திலகவதி. "கல்லு இப்போ எங்க இருக்கோ, அந்த ஊரு வெயிலோட நிழல்."

"அப்படீன்னா எந்த ஊருன்னு தெரிஞ்சுருமுங்களா மேடம்?"

"கல்ல யாராவது தினமும் வெயில்ல வெச்சா தெரிஞ்சுடும்."

பங்குனி பிறந்ததும் யாரோ வைத்தார்கள். கல்லை வெயிலில் நிறுத்தி நிறம் பார்ப்பது கல் வியாபாரிகளின் வழக்கம். திலகவதி அதற்கு ஈடாக இங்கே நிறுத்திப் பார்க்க ஒரு பொருள் தேடினார். கனத்துக்கும் உயரத்துக்கும் ஒத்துவந்தது பாவாத்தாள் சந்தையில் பொறுக்கிக் கொண்டுவந்த முள்ளங்கிதான். மொட்டைமாடியில் முள்ளங்கியை நிறுத்திவைத்து அதன் நிழலைத் திலகவதி பார்க்க, கீழே பெட்டியில் கல்லின் நிழலைப் பாவாத்தாள் பார்க்க, ஒருவருக்கொருவர் படிக்கட்டில் சத்தம் கொடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் இரண்டு பெண்கள் இப்படி ஓடியதைப் பார்த்து, கல் போன ஏக்கத்தில் மேடத்துக்கும் கொஞ்சம் புத்தி பிசகிவிட்டது என்றோம். முள்ளங்கியின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கின பிறகும் கல்லின் நிழல் வடக்குப் பார்த்து நீட்டிக் கிடந்தது. அது வடக்கே என்றது. முள்ளங்கிக்கு உச்சி கடந்து வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம் ஆன பிறகுதான் கல்லுக்கு உச்சி வந்தது. அது கொஞ்சம் மேற்கே என்றது. வடக்கே, கொஞ்சம் மேற்கே, கல் அறுத்துப் பட்டை தீட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு பெரிய நகரம் இருக்கிறது. அந்த மாதம் பூராவும் பாவாத்தாள் வீட்டில் முள்ளங்கிக் குழம்புதான்.

இதை வைத்து வக்கீல் ஜாமீன் கேட்டார். கல் வடக்கே இருக்கிறது, என் கட்சிக்காரர் ஈரோட்டைத் தாண்டியதில்லை, அப்புறம் எப்படி அவர் திருடியிருப்பார் என்றார். நிழலைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்ன நீதிபதி, ஆனாலும் மனசு கேட்காமல், தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அருங்காட்சியகத்துப் படியை மிதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அங்கமுத்துவை வெளியே விட்டார். வெளியே வந்ததும் வக்கீல் பாவாத்தாளைத் தனியே கூப்பிட்டார்.

"இத நல்லா மனசுல வெச்சுக்க ஆத்தா. கல்லு வெளியூர்ல இருக்குதுங்கற வரைக்கும்தான் உன்ற ஊட்டுக்காரனுக்கு மூச்சு. அத வித்தவன் பேரோட கெடச்சா, ஆள் தப்பிச்சான். பேரில்லாம ஊருக்குள்ளயே ஒரு சில்லு ஆப்பட்டாக்கூட, அவன் ஒளிச்சு வெச்சதுன்னு சொல்லி முடிச்சுப்போடுவாங்க."

"வெளங்குச்சுங்க," என்றாள் பாவாத்தாள்.

அங்கமுத்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவள் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்டார்: "கிட்ட வந்துச்சா?"

"நாங்களே போயிக் கூட்டியாரோமுங்க," என்றாள் அவள். திலகவதியும் அவளும் ரயிலேறினார்கள்.

அந்த நகரத்தில் கல் வியாபாரிகள் தெருவோரத்திலும் மாடிகளிலும் வெள்ளைத் துணி விரித்து, குண்டுமணி அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரை கற்களைப் பரப்பி, வெயிலில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாத பாவாத்தாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, துணிகளை மட்டும் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்தாள். கடைசியில் ஒரு மாடியில், கொடியில் காயும் துணிகளுக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், தன் காலுக்கும் நிழல் விழுந்திருக்க, நட்டநடுவில் நிழலில்லாமல் நின்றுகொண்டிருந்தது எங்கள் தண்ணிக்கல். கோயில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை யார் வீட்டிலோ விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ட தாய்க்குத்தான் அது புரியும். அவள் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"வாங்கம்மிணி, எதுக்கு அழுவுறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க," என்றார் மாடிக்குச் சொந்தக்காரரான சேட்டு. இவர் பேசியது எங்கள் ஊர்த் தமிழ். எங்கள் பக்கத்தில் காடுகாடாகச் சுற்றிக் கல் வாங்கியே பாதி வயதைக் கழித்தவராம். "ஊருல மழையுங்களா?" என்று வேறு விசாரித்தார்.

திலகவதி வந்த காரியத்தைச் சொன்னார். இந்தக் கல் எங்கள் அருங்காட்சியகத்தில் களவுபோனது, இதன் நிழல் இன்னும் எங்கள் பெட்டியில்தான் இருக்கிறது என்றார்.

சேட்டு ஆச்சரியப்படவில்லை. "இருக்குமுங்க," என்றார். "அடியில நம்பர் போட்டிருக்கீங்களா?"

நம்பர் இல்லை. களவுபோன கல்லை இன்னாருடையது என்று சொல்ல உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வழி, அதன் அடியில் மையால் எழுதிய எண்தான்; எங்கள் கல்லுக்கும் எழுதித்தான் இருந்தது. ஆனால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, அங்கமுத்து எல்லாக் கற்களையும் வெளியே எடுத்து, குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, துடைத்து, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கும்பிட்டுத்தான் உள்ளே வைப்பார். சாமி மாதிரிப் பார்த்துக்கொண்டார். வருஷா வருஷம் தேய்த்ததில் எண் போயிற்று. தேய்த்தது அவர் என்றாலும், சுற்றி நின்று பொரிகடலை தின்றது நாங்கள் எல்லோரும்தான். யார் வாயும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"போட்டோ?" என்றார் சேட்டு.

திலகவதி தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். கல்லுக்கு இருந்த ஒரே படம் அது. ஆயுத பூஜையன்று எடுத்தது. ஊழியர்கள் வரிசையாக நிற்க, நடுவில் சந்தனம் தடித்து, கதம்ப மாலைக்குள் ஏதோ ஒன்று இருந்தது.

"இதுல பூவுதானுங்க தெரியுது," என்றார் சேட்டு. கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

"அதான் நிழல் இல்லியே! அதவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்று திலகவதி சத்தம் போட்டார்.

சேட்டு எழுந்து உள்ளே போய், இரும்பு பீரோவிலிருந்து தட்டுத் தட்டாக எடுத்துவந்து வெயிலில் வைத்தார். பச்சைக் கல், சிவப்புக் கல், பித்தளை மாதிரி மின்னுகிற கல், பனிக்கட்டி மாதிரித் தெளிந்த கல். ஒன்றுக்கும் நிழல் இல்லை. தட்டுகளுக்கு இருந்தது, தட்டிலிருந்த கற்களுக்கு இல்லை.

"இது எந்த ஊருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. இது ஏதோ காலேஜுல இருந்துதாமா. இது கடல் தாண்டி வந்துது. இங்க வர்றதுல பாதி இப்படித்தானுங்க. நெழலு இல்லீன்னு யாரும் வெல கொறைக்கறதும் இல்ல. எல்லா ஊரும் நெழல வெச்சுக்கிட்டு வந்து நின்னா, நான் எத்தன ஊருக்குங்க பதில் சொல்றது?"

எத்தனை ஊர்களில், எத்தனை பூட்டிய பெட்டிகளுக்குள், எத்தனை நிழல்கள் இப்படி வேற்றூர் வெயிலில் நீண்டு சுருங்கிக்கொண்டிருக்கின்றனவோ, எத்தனை அங்கமுத்துகள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்ததும் திலகவதிக்குத் தலை சுற்றியது.

பாவாத்தாள் மட்டும் விடவில்லை. சேட்டின் காலடியில் போய் உட்கார்ந்தாள். "கல்லு வேண்டாமுங்க சாமி, நீங்களே வெச்சுக்கங்க. யாருகிட்ட வாங்குனீங்கன்னு அந்தப் பேர மட்டும் சொல்லுங்க. என்ற ஊட்டுக்காரரு எடுக்கலீங்க."

"எடுத்திருக்க மாட்டாருங்க. எடுத்தவன் எவனும் வீட்டுல உக்காந்திருக்க மாட்டான்," என்றார் சேட்டு. "ஆனா நான் பேர் சொல்லிட்டன்னா நாளைக்கு எனக்கு யாருங்க கல்லு தருவா? போலீசு லெட்டரு ஒண்ணு கொண்டாங்க. சட்டம் கேட்டுது, சொன்னேன்னு இருக்கும். ஆடி முடியற வரைக்கும் இத அறுக்காம வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாதுங்க." மூன்று பேருக்கும் டீ வந்தது. இஞ்சி போட்ட நல்ல டீ.

ஊர் திரும்பினதும் திலகவதி இன்ஸ்பெக்டரிடம் போனார். அவர் லெட்டர் தர மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வேறு வழியாவது பார்த்திருக்கலாம். முறைப்படி மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார், எழுதவும் எழுதினார். அந்தக் கடிதம் மாவட்டத்துக்குப் போய், மாவட்டத்திலிருந்து தலைநகரத்துக்குப் போய், அங்கே நிழல் என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கப்பட்டு, விளக்கத்துக்காகத் திரும்பி வந்து, திரும்பவும் போய், மேசை மேசையாக உறங்கி எழுந்தது. ஆடிப்பெருக்கு வந்தது, ஆடி முடிந்தது, ஆவணியும் பிறந்தது. சேட்டு சொன்ன சொல்லுக்கு மேலேயே கொஞ்ச நாள் பொறுத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு மத்தியானம் பாவாத்தாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் நிழல் ஒரு நடுக்கம் நடுங்கியது. பிறகு நுனியிலிருந்து ஒரு துண்டு தனியாக விழுந்தது. அடுத்து ஒன்று. அவள் இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்து அழுத்தி, "ஐயோ, வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று கதறக் கதற, வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி அது வட்டம் வட்டமாக நறுக்கப்பட்டு, வட்டங்கள் சில்லுகளாகி, சில்லுகள் பட்டை தீட்டப்பட்டு மணிமணியாகி, சாயங்காலத்துக்குள் துணி முழுக்கப் பொடி நிழல்கள் சிதறிக் கிடந்தன. அடுத்த நாள்களில் ஒவ்வொன்றாக வெவ்வேறு திசைக்குச் சாயத் தொடங்கின. ஒன்றுக்குக் காலையாக இருக்கும்போது இன்னொன்றுக்கு அந்தி. திலகவதி எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மொட்டைமாடிக்குப் போய் அன்றைய முள்ளங்கியை எடுத்துத் தெருவில் வீசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஊர் என்ன செய்தது என்று கேட்க மாட்டீர்களா? நிழல் குட்டி போட்டுவிட்டது என்று சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். மேளம் கொட்டினோம். கவுன்சிலர் தாயும் சேயும் நலம் என்று புதுப் பிளக்ஸ் வைத்தார். தாய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையில்லாதவர்களும் புதிதாகக் கல்யாணமானவர்களும் வந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து வேண்டிக்கொண்டு போவது வழக்கமாயிற்று. ஒரு தொட்டில்கூட வந்து தொங்கியது. அந்தக் கூட்டத்தின் நடுவில் இரண்டு பெண்கள் மட்டும் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கும் பொங்கல் கொடுத்தோம்.

தலைநகரத்திலிருந்து பதில் வந்தது. முழங்கை நீளமுள்ள ஆறு பட்டைக் கல் ஒன்று எங்காவது இருப்பதாகத் தெரியவந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றிருந்தது. அப்படி ஒரு கல் இனி பூமியில் கிடையாது. திலகவதிக்குக் கடலோரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. புறப்படுகிற அன்று பாவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அந்த நம்பரத் திரும்ப எழுதியிருக்கணும் பாவாத்தா. நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்."

"உடுங்க மேடம். புளி போட்டுத் தேச்சது அவருதானுங்களே," என்றாள் பாவாத்தாள். "போன ஊருல நல்லபடியா இருங்க." பஸ் போகும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

வழக்கு அப்படியே நின்றது. கல் இல்லாததால் விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. வாய்தா மட்டும் இருந்தது. அங்கமுத்து தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வக்கீல் சொன்னது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதனால் அவருடைய கேள்வி மாறிவிட்டது. முன்பு கிட்ட வந்துச்சா என்று கேட்ட வாய், இப்போது, "எல்லாம் தூரத்துலதான இருக்குது?" என்று கேட்டது.

"தூரத்துலதானுங்க," என்பாள் பாவாத்தாள். அது உண்மையாகவும் இருந்தது. அவள் அருங்காட்சியகத்தில் ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொள்கிறவர்களின் கைரேகை கண்ணாடியில் படிந்து நிழல் மங்கிவிடும், அதைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். புதிதாக வந்த காப்பாட்சியர் கண்டும் காணாமல் விட்டுவிட்டார். துடைக்கிற சாக்கில் அவள் ஒவ்வொரு பொடி நிழலையும் பார்ப்பாள். எங்கள் ஊர் வெயிலுக்குச் சாய்கிற நிழல் அதில் ஒன்றும் இல்லை.

தை மாதம், முகூர்த்த நாள்கள் முடிந்த சமயம். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு வாழவந்த புதுப்பெண் ஒருத்தி, மஞ்சள் மணக்கிற தாலியும் மருதாணிக் கையுமாகப் புருஷனோடு வந்தாள். எல்லோரையும்போலக் கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியில் கையை வைத்தாள். விரலில் ஒரு மோதிரம், அதில் கொண்டைக்கடலை அளவு நீலக்கல். மூலையில் கிடந்த ஒரு பொடி நிழல் அசைந்தது. எறும்புபோல ஊர்ந்து வந்தது, கண்ணாடியைத் தாண்டி ஏறியது, அந்தப் பெண்ணின் விரலில் மோதிரக் கல்லுக்கு அடியில் போய் ஒடுங்கி உட்கார்ந்தது. பார்த்தது பாவாத்தாள் ஒருத்திதான். இது எனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால் நான் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் துடைத்த துணியைப் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுங்கம்மா?" என்று பெண் திடுக்கிட்டாள்.

"இந்த மோதரம்..." என்றாள் பாவாத்தாள்.

"கோயமுத்தூர்ல வாங்குனதுங்க," என்றான் புருஷன் பெருமையாக. "அசல் கல்லு. கடைக்காரரே சொன்னாரு."

பிடித்த பிடியை அவள் விடவில்லை. எவ்வளவு நாள் தேடியது, எந்த ஊருக்கெல்லாம் போனது, யார் காலிலெல்லாம் விழுந்தது, இதோ அவள் உள்ளங்கைக்குள், வெதுவெதுவென்று, நிழலும் கல்லும் சேர்ந்து இருக்கிறது. கெடச்சுருச்சு என்று ஒரு சத்தம் போட்டால் போதும், ஊரே திரண்டுவிடும். இன்ஸ்பெக்டர் வருவார். எங்கே கிடைத்தது என்று கேட்பார். ஊருக்குள்தான் என்று எழுதுவார். யார் கண்டுபிடித்தது என்று கேட்பார். அங்கமுத்துவின் மனைவி என்று எழுதுவார். கோயமுத்தூரில் அந்தக் கடைக்காரர் வேறொரு கடையைக் காட்டுவார், அந்தக் கடை இன்னொன்றைக் காட்டும், அதற்கெல்லாம் போக யாருக்கு நேரம் இருக்கிறது, கட்டிலில் ஒரு ஆள் தயாராக உட்கார்ந்திருக்கும்போது? அவள் வாயைத் திறந்தாள்.

"ஏனோ கை கனக்குதுங்க," என்றாள் புதுப்பெண் விரலைப் பார்த்துக்கொண்டு.

"அது ஒண்ணுமில்ல அம்மிணி. புது மோதரம், அப்படித்தான் இருக்கும்," என்றாள் பாவாத்தாள். "நல்லாருக்குது. கழட்டிப்போடாத." பிடியை விட்டாள்.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். வாசல் வெயிலில் அந்தப் பெண் செருப்பு மாட்டக் குனிந்தபோது, மோதிரக் கல்லின் நிழல் நீலமாக அவள் விரலில் விழுந்தது. பெட்டிக்குள் மூலையில் வெள்ளைத் துணி வெறுமையாக இருந்தது. அங்கமுத்துவின் வீட்டார் கண்ணெதிரே அந்த அருங்காட்சியகத்தை விட்டு ஒன்று வெளியே போனது அன்றைக்குத்தான். பாவாத்தாள் கண்ணாடியில் பதிந்திருந்த கைரேகையைத் துடைத்தாள், மற்ற நிழல்களைக் கொஞ்சம் பார்த்தாள், பிறகு வீட்டுக்குப் போனாள்.

அங்கமுத்து கட்டிலில் இருந்தார். "எல்லாம் தூரத்துலதான இருக்குது?" என்றார்.

"தூரத்துலதானுங்க இருக்குது," என்றாள் அவள்.

"அப்படியே இருக்கட்டும்," என்று அவர் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள்.